மாரடைப்பு பணக்காரர் வியாதி அல்ல

(தீவகத்துக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களும் ஊர்காவற்றுறை மக்களும் கூடிய கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் நம் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



நேற்று நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பினோம். அங்கே நெடுந்தீவு ஐயா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவருடைய மகனுக்கு நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பு வந்ததாம். "எங்கட பரம்பரையிலயே கிடக்குது பிள்ளை, என்ன செய்யிறது?" என்றார். இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். மெலிந்த உடம்பு, தொந்தி கிடையாது. 48 வயதில் ஒருநாள் மலையில் வேலை செய்யும்போது நெஞ்சு அடைத்தது. வாய்வு என்றார்கள். இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார். லொறி கிடைக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. "இது பணக்காரனுக்கு வார வியாதியாச்சே" என்றுதான் லயமே பேசியது. அது எவ்வளவு தவறு என்று நான் படித்து அறியப் பல வருடம் ஆனது.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளின் உட்சுவரில் வருடக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. அதன்மேல் இரத்தம் கட்டியாகி வழியை அடைக்கிறது. அதுதான் மாரடைப்பு.

இது சில இனத்தாருக்குக் கூடுதலாக வருகிறதா? ஆம். நம் முன்னோர் இங்கே கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்ததுபோல, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர் ஏராளம். 1959இல் மருத்துவர் தனராஜும் அவரோடு சேர்ந்தவர்களும் சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இருதய நாடி நோய் அங்குள்ள சீனரைவிட இந்தியரிடம் பல மடங்கு கூடுதலாக இருந்தது. பிறகு 52 நாடுகளில் 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் இலங்கையும் உண்டு. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 வயதில். நாம் ஆறு வருடம் முந்திவிடுகிறோம்.

இதில் பரம்பரையலகுகளுக்குப் பங்கு உண்டு. 'லிப்போபுரதம் ஏ' என்று ஒருவகைக் கொழுப்பு இரத்தத்தில் ஓடுகிறது. அது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானிக்கிறது. ஐரோப்பியரைவிட நம்மவர்களிடம் அது கூடுதல். அதோடு, பார்வைக்கு மெலிந்திருந்தாலும் நமக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. அதனால்தான் ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் இடுப்பளவைத் தாண்டினாலே தெற்காசியருக்கு ஆபத்து என்கிறார்கள்.

அப்படியென்றால் எல்லாம் விதியா? இல்லை ஐயா. ஜப்பானியரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஜப்பானில் இருந்தவர்கள், ஹவாய்க்குப் போனவர்கள், கலிபோர்னியாவுக்குப் போனவர்கள் என்று மூன்று கூட்டம். மூன்றிலும் ஓடுவது ஒரே இரத்தம். ஆனால் இருதய நோய் ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் மிகக் கூடுதல். பரம்பரை மாறவில்லை, சாப்பாடும் வாழ்க்கையும்தான் மாறின. இன்டர்ஹார்ட் ஆய்வும் அதையே சொன்னது. புகை, பிரஷர், சீனி வருத்தம், கெட்ட கொழுப்பு, வயிற்றுக் கொழுப்பு, மன அழுத்தம், பழமும் மரக்கறியும் குறைவது போன்ற ஒன்பது விஷயங்களே ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு. இவை எல்லா இனத்துக்கும் பொது.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. பிரித்தானிய மருத்துவர் டேவிட் பார்க்கர் 1989இல் ஒரு கணக்கை வெளியிட்டார். நிறை குறைந்து பிறந்தவர்களே பிற்காலத்தில் இருதய நோயால் கூடுதலாக இறந்தார்கள். வயிற்றில் பட்டினி கிடந்த பிள்ளையின் உடம்பு, கிடைப்பதைக் கொழுப்பாகச் சேர்க்கப் பழகிவிடுகிறது. 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டங்களில் மட்டும் 32 சதவீதம். தாயின் தட்டில் குறைந்தது மகனின் நெஞ்சில் அடைக்கிறது. இதைப் பரம்பரை என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா?

லயத்தில் நாம் என்ன சாப்பிடுகிறோம்? கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. ருசிக்காகவா? வயிறு நிறைய வேண்டும், கையில் காசு இல்லை, அதற்காகத்தான். தீவகத்திலும் ஒடியல் கூழும் குரக்கனும் முருங்கையிலையும் குறைந்து, பாணும் பொரியலும் சோடாவும் கூடிவிட்டன. கருவாட்டு உப்போடு கிணற்று உவர்நீரும் சேர்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பே போதும். கருவாட்டை ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். யாழ்ப்பாணப் புகையிலை எங்கள் லயங்களில் வெற்றிலையோடு மெல்லப்படுகிறது. சுருட்டோ மெல்லுவதோ, இரண்டும் நாடிக்குப் பகைதான்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு. மிச்சத்தைச் சங்கமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். 35 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும். அன்றைக்கு அரைப்பேர் போடக்கூடாது. பிள்ளைத்தாச்சிகளுக்கு இலகுவான வேலையும் சத்துணவும் வேண்டும். பருப்பும் மீனும் மரக்கறியும் வாங்கக் கட்டுப்படியாகும் சம்பளம் வேண்டும். இராத்திரியிலும் மலையில் ஒரு வாகனம், தீவில் ஒரு படகு தயாராக நிற்க வேண்டும். கடலும் மலையும் வேறுதான், ஆனால் ஆஸ்பத்திரி தூரம் என்பது நம் இருவருக்கும் ஒரே பிரச்சினை.

கடைசியாக ஒன்று. நெஞ்சு இறுகினால், வலி இடக்கைக்கோ தாடைக்கோ ஓடினால், குளிர்ந்து வியர்த்தால், வாய்வு என்று படுக்கவிடாதீர்கள். பெண்களுக்கு வலி இல்லாமல் மூச்சு வாங்கலும் களைப்பும் மட்டுமே வரலாம். உடனே 1990க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போனால் கட்டியைக் கரைக்க மருந்து உண்டு.

நெடுந்தீவு ஐயாவிடம் நான் சொன்னது இதுதான்: "உங்கட மகனுக்கு இப்படி வந்ததால, பேரப்பிள்ளைகளுக்கு இப்பவே பிரஷரும் கொலஸ்திரோலும் பாருங்கோ." பரம்பரையில் இருப்பது தெரிந்தால் முன்கூட்டியே காவல் போடலாம். என் அப்பாவுக்கு அதைச் சொல்ல அன்று ஆளில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஆகக்கூடாது.