காட்டிக்கொடு: ஒரு சொல்லும் ஒரு திரைப்படமும்



பெர்மாஸ் ஜெயாவில் கூடியுள்ள இவ்வவையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வினைச்சொல்: காட்டிக்கொடு. அதற்குச் சான்றாக ஒரு திரைப்படத்தையும் துணைக்கொள்வோம். சசிகுமார் தம் முதற்படமாகத் தாமே தயாரித்து இயக்கிய 'சுப்பிரமணியபுரம்' 2008ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டின் மதுரையே அதன் களம்.

அழகர், பரமன், காசி முதலான ஐந்து நண்பர்களின் கதை அது. அரசியல் குடும்பத்தவனான கனகுவின் சொல்லை நம்பி நண்பர்கள் கொலைக்குத் துணிகின்றனர். சிறை புகுந்தபின் அவன் அவர்களைக் கைவிடுகிறான். அழகரை அவன் காதலியைக் கொண்டே தனியிடத்திற்கு வரவழைத்துக் கொல்கின்றனர். பரமனையோ உடன் உண்டு உறங்கிய காசியே பகைவரிடம் காட்டிக்கொடுக்கிறான். 28 ஆண்டுகள் கழித்துச் சிறையினின்று வெளிவரும் காசியின் உயிரைப் பறிப்போரும் பழைய நண்பர்களே.

இனிச் சொல்லுக்கு வருவோம். வாங்கிக்கொடு, கட்டிக்கொடு, சொல்லிக்கொடு என்பவற்றில் 'கொடு' துணைவினையாகும். ஒருவர் செய்யும் செயலின் பயன் பிறரைச் சேர்வதை அது உணர்த்தும். 'தங்கைக்குப் புத்தகத்தை வாங்கிக்கொடுத்தான்' என்னும் தொடரில் ஐ உருபு ஏற்பது புத்தகம். பயன் பெறுபவள் தங்கை. 'நண்பனைப் பகைவரிடம் காட்டிக்கொடுத்தான்' என்னும்போது புத்தகம் நின்ற இடத்தில் நண்பன் நிற்கிறான். அவன் கொடுக்கப்படும் பொருளாகிவிட்டான். பயன் பகைவரைச் சேர்கிறது. மேலும், இருக்குமிடம் அறிந்தவனே காட்ட இயலும். அயலார் தாக்கலாம், காட்டிக்கொடுக்க வல்லவர் நெருங்கியவர் மட்டுமே. பரமன் எங்கிருப்பான் என்பதைக் காசி அறிந்திருந்தது நட்பால் அன்றோ?

இவ்விலக்கணம் நம் வகுப்பறைக்கும் உரியது. தோழன் ஒருவன் தீய கும்பலை நாடிச் செல்வதைக் கண்ட மாணவன் ஆசிரியரிடம் அதைக் கூறினால், 'காட்டிக்கொடுத்தவன்' என்னும் பழி அவன்மேல் விழுகிறது. அப்பழிக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. அத்தகையோர்க்கு நாம் கூறுவது இதுவே: பயன் யாரைச் சேர்கிறது என்று வினவுங்கள். பகைவரைச் சேர்ந்தால் அது துரோகம். தோழனையே சேர்ந்தால், நாவில் அச்சொல் ஏறினும் பொருளில் அது காட்டிக்கொடுத்தல் ஆகாது, காத்தலே ஆகும்.

திருக்குறள் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்பின் இயல்புக்கே ஒதுக்கியுள்ளது. அவற்றுள் முதலாவதிலேயே, நண்பன் நெறி தவறும்போது முற்பட்டுக் கண்டிப்பதற்கே நட்பு என்று வள்ளுவர் தெளிவாக்குகிறார். சுப்பிரமணியபுரத்து நண்பர்கள் ஒருவர்க்காக ஒருவர் கத்தி எடுக்க அஞ்சவில்லை. 'இது வேண்டா' என்று ஒருவரையொருவர் தடுக்கத்தான் அவர்களுக்கு இயலவில்லை. காசியின் துரோகத்திற்கு நெடுநாள் முன்பே அந்த நட்பு இவ்விடத்தில் பழுதுபட்டிருந்தது.

மாணவச் செல்வங்களே, தோழனுக்காகப் பேசுவதையும் தோழனைக் கொடுத்துவிடுவதையும் பிரித்தறியுங்கள். இரண்டையும் பிரித்துக்காட்டும் கோடு நம் மொழியிலேயே இருக்கிறது.