எல்லாத் திறப்புகளும் ஒரே கையில் வேண்டாம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், கணினித் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பழைய மாணவிகள் தாம் படித்த பாடசாலைக்குக் கணினிகளை அன்பளிப்பது இன்று பல இடங்களிலும் நடக்கும் நற்பணி. கணினிகள் வந்திறங்கிய பிறகு ஒரு கேள்வி எழும். அவற்றின் திறப்பு யாரிடம் இருப்பது? இரும்புத் திறப்பை நாங்கள் சொல்லவில்லை. முழு வலையமைப்பையும் ஆளும் நிர்வாகிக் கடவுச்சொல்லைச் சொல்கிறோம்.

வலையமைப்பில் யார் உட்புகலாம், எதைத் திறக்கலாம் என்பதையெல்லாம் பதிந்து வைத்திருக்கும் இடாப்புக்கு டிரெக்டரி என்று பெயர். அவற்றுள் பலரும் அறிந்தது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அக்டிவ் டிரெக்டரி. இது 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 சேர்வருடன் வெளிவந்தது. அதற்கு முந்திய விண்டோஸ் என்டி காலத்தில் ஒரு டொமைனுக்குள் கணக்குகளைப் பிரித்து ஆளும் வசதி இருக்கவில்லை. மறந்துபோன ஒரு கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கும் அதிகாரத்தை ஒருவருக்கு வழங்கினால், ஏறக்குறைய எல்லோருடைய கணக்குகளும் அவர் கைக்குப் போய்விடும்.

அக்டிவ் டிரெக்டரியில் கணக்குகளை ஒழுங்கமைப்பு அலகுகளாகப் பிரிக்கலாம். மாணவிகள் ஓர் அலகு, ஆசிரியர்கள் ஓர் அலகு, அலுவலகம் ஓர் அலகு. மாணவிகள் அலகில் மட்டும், கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கும் உரிமையை மட்டும், கணினி ஆசிரியைக்கு வழங்கலாம். அவர் ஆசிரியர்களின் கணக்கைத் தொட முடியாது. புதிய கணக்கைத் தொடங்கவும் முடியாது, இருப்பதை அழிக்கவும் முடியாது. நம் வகுப்புத் தலைவி தன் வகுப்பை அமைதியாக வைத்திருந்தாள். அடுத்த வகுப்புக்குள் போய் அதிகாரம் செய்யவில்லை. இதுவும் அப்படித்தான்.

செய்யும் முறை கடினமானதல்ல. அந்த அலகின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'டெலிகேட் கன்ட்ரோல்' என்பதைத் தெரிந்தால், எந்த உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று கணினியே படிப்படியாகக் கேட்கும். ஆயினும் நான்கு விடயங்களை மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, உரிமையைத் தனியாளின் பெயருக்குக் கொடுக்காமல் ஒரு குழுவுக்குக் கொடுங்கள். ஆசிரியை இடமாற்றம் பெற்றுச் சென்றால் குழுவிலிருந்து அவர் பெயரை நீக்கி, புதியவரைச் சேர்த்தாற் போதும். உரிமையைக் கொடுக்க உதவும் அந்த வழிகாட்டி, கொடுத்ததைத் திரும்பப் பெற உதவாது. அலகின் பாதுகாப்பு அமைப்புக்குள் சென்று, நாமே தேடி நீக்க வேண்டும்.

இரண்டாவது, பிழையான கடவுச்சொல்லைப் பலமுறை கொடுத்ததால் பூட்டப்பட்ட கணக்கைத் திறப்பது வேறு உரிமை. வழமையான பணிகளின் பட்டியலில் அது இல்லை. அதைத் தனியாக வழங்க வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொல்லை மாற்றும் உரிமை சிறியதென்று எண்ணிவிடாதீர்கள். ஒருவரின் கடவுச்சொல்லை மாற்றக்கூடியவர், அவராகவே உள்ளே நுழையவும் முடியும். ஆகவே பரீட்சைப் புள்ளிகளையும் கணக்கு வழக்குகளையும் கையாள்வோரின் கணக்குகள் மாணவிகளின் அலகுக்குள் ஒருபோதும் இருக்கலாகாது.

நான்காவது, கொடுத்த பின் சோதித்துப் பாருங்கள். கணினி ஆசிரியையின் கணக்கால் உட்புகுந்து, அலுவலகக் கணக்கொன்றின் கடவுச்சொல்லை மாற்ற முயலுங்கள். மறுப்பு வந்தால் வேலை சரி.

இவ்வாறு செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பிள்ளைகள் கதவடியில் காத்திருக்கிறார்கள் என்பதற்காக நிர்வாகிக் கடவுச்சொல் ஒரு துண்டுக் கடதாசியில் கைமாறும். பிறகு அது மேசை லாச்சிக்குள் கிடக்கும். யார் எதைச் செய்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கால் தமக்குரிய வேலையைச் செய்தால், தணிக்கைப் பதிவு இயக்கப்பட்டுள்ள சேர்வரில், பிறருடைய கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அது 4724 என்ற இலக்கத்தின் கீழ், செய்தவர் பெயருடன் பதிவாகும். தவறு செய்தவரைப் பிடிக்க மட்டுமல்ல, செய்யாதவர் மேல் பழி விழாமல் காக்கவும் அது உதவும்.

வெளிநாடுகளில் வாழும் தோழியரே, உங்களிடம் ஒன்றைச் சிறப்பாகக் கேட்கிறோம். ஆய்வுகூடத்தை அமைத்துக் கொடுத்துவிட்டு, 'ஏதேனும் பிழைத்துவிடும்' என்ற அக்கறையால் முழு அதிகாரத்தையும் நம்மிடமே வைத்துக்கொள்ளத் தோன்றும். இங்கு காலை எட்டு மணிக்கு வகுப்புத் தொடங்கும்போது டொரன்டோவில் இரவு பத்து மணியளவாகும். ஒரு மாணவியின் கடவுச்சொல்லுக்காக வகுப்பு முழுவதும் உங்கள் தொலைபேசியைப் பார்த்துக் காத்திருக்கலாகாது. அன்பளித்த பொருளின் திறப்பை அன்பளித்தவரே வைத்திருந்தால் அது முழுமையான அன்பளிப்பாகாது.

ஆகவே செயற்குழுவிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். இனி எம் சங்கம் வழங்கும் ஒவ்வொரு கணினித் தொகுதியுடனும், யாருக்கு எந்த உரிமை என்ற ஒரு பக்கக் குறிப்பும் கையளிக்கப்படட்டும். நிர்வாகிக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் அதிபரின் பொறுப்பில் இருக்கட்டும். அன்றாட வேலைக்கு வேண்டிய அளவான அதிகாரம் அங்கே பணியாற்றும் ஆசிரியைகளிடம் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை அந்தக் குறிப்பை எடுத்துச் சரிபார்ப்போம். அந்தப் பணிக்கு, எந்த நாட்டில் இருந்தாலும், நாங்கள் தயார்.