வாயோரப் புண்ணும் தனிக் கோப்பையும்

(தோட்டக் கமிட்டி மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. லயத்துக்குள் நாமே ஒருவரை ஒருவர் ஒதுக்கிவைக்கும் ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் வகுப்பில் ஒரு பையனுக்கு உதட்டோரம் கொப்புளம் போட்டிருந்தது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வந்து முறையிட்டார்கள். நானும் யாரையும் விசாரிக்காமல் அவனைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினேன். அடுத்த ஒரு வாரம் அவன் பள்ளிக்கூடமே வரவில்லை. மலையில் அவனுடைய அம்மாவுக்குத் தேத்தண்ணி குடிக்கத் தனிக் கோப்பை வைத்தார்கள். மருத்துவமாது அம்மா எனக்கு விளக்கிய பிறகுதான் வெட்கப்பட்டேன்.

இந்தப் புண்ணுக்கு ஹெர்பீஸ் என்று பெயர். அதை உண்டாக்கும் வைரஸில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் வாயில் வரும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும், உடலுறவால் பரவும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்கு அது சிறுவயதிலேயே தொற்றியிருக்கும், தெரிந்தே இருக்காது. ஒதுக்குவது என்று தொடங்கினால் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் எழும்பி வெளியே போக வேண்டிவரும்.

எப்படித் தொற்றும்? புண்ணோ, கொப்புளத்து நீரோ, எச்சிலோ மற்றவரின் வாய், கண், பிறப்புறுப்பு போன்ற மெல்லிய தோலில் நேராகப் பட்டால் தொற்றும். முத்தத்தாலும் உடலுறவாலும்தான் அதிகம். புண் தெரியாத நாளிலும் தொற்றலாம். புண் இருக்கும்போது ஆபத்து அதிகம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

எப்படித் தொற்றாது? ஒரே வாங்கில் இருந்தால் தொற்றாது. பீலியில் குளித்தால், கக்கூஸைப் பாவித்தால், பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தால் தொற்றாது. இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. புண் உள்ளவர் வாய் வைத்த கோப்பையைக் கழுவாமல் அப்படியே குடிக்காதீர்கள், அவ்வளவுதான். நமக்குத் தேவை தனிக் கோப்பை அல்ல, கோப்பையைக் கழுவத் தண்ணீர். மலையில் அந்தத் தண்ணீரைக் கேட்பது சங்கத்தின் வேலை.

நல்ல தோலைத் தாண்டி இந்த வைரஸ் சுலபமாக உள்ளே போகாது. ஆனால் நமது விரல்களைப் பாருங்கள்: கொழுந்து எடுத்து எடுத்து வெடிப்பும் கீறலும். அதன் வழியாகப் போகும். ஆகவே புண்ணுக்கு மருந்து பூசினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் தொட்டில்தான். பிறந்த குழந்தைக்கு இது உயிராபத்து. வாயில் புண் உள்ளவர் அப்பாவானாலும் அப்பாயியானாலும் பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிக்குப் பிறப்புறுப்பில் புண் வந்தால் வெட்கப்படாமல் மருத்துவமாதுவிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்த வைரஸ் நரம்பில் வருஷக்கணக்காக உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், வெயில், களைப்பு வரும்போது எழும்பும். இன்று புண் வந்தது என்பதால் புருஷனோ பெண்சாதியோ நேற்றுத் தவறு செய்ததாக அர்த்தமில்லை. இதற்காகக் குடும்பத்தைப் பிரிக்காதீர்கள்.

வைரஸை அடியோடு போக்க மருந்தில்லை. ஆனால் தொடக்கத்திலேயே மாத்திரை எடுத்தால் புண் சீக்கிரம் ஆறும். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசு வாங்குவதில்லை. உங்கள் விஷயத்தை வெளியே சொல்லமாட்டார்கள்.

அந்தப் பையனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் இப்போது முதல் வாங்கில் இருக்கிறான். நாளைக்கு மலையில் தேத்தண்ணி ஊற்றும்போது அந்தத் தனிக் கோப்பையையும் மற்றக் கோப்பைகளோடு சேர்த்துக் கழுவி வையுங்கள். அதுதான் நான் கேட்பது.