நோய்க்கு விலை கொடுப்பவர் யார்?

(செவிலிமேட்டில், சங்க வெள்ளிவிழாவையொட்டி ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் வட்டிக்கு வாங்கிய பணம் மருத்துவமனைக்குப் போகிறது. படிக்கும் பிள்ளை வேலைக்குப் போகிறான். ஆகவே இதுவும் கல்விப் பிரச்சினையே.

பலர் சிறுதொகை சேர்த்து, நோயுற்ற சிலரைக் காப்பதே காப்பீடு. அத்தொகையை எவ்வாறு வசூலிப்பது என்பதில்தான் நியாயமும் இலாபமும் எதிரெதிரே நிற்கின்றன. தனியார் நிறுவனத்திடம் பாலிசி எடுத்தால் வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். மூட்டை தூக்குபவருக்கும் முதலாளிக்கும் அங்கே ஒரே விலை. வசூலித்ததில் சிகிச்சைக்கும் நிர்வாகத்துக்கும் போக எஞ்சுவது இலாபம். எனவே கொடுக்க வேண்டியதைக் குறைப்பதில் நாட்டம் பிறக்கிறது.

இ.எஸ்.ஐ. முறை வேறு. 2019 ஜூலை முதல் ஊதியத்தில் நூற்றுக்கு 75 காசு தொழிலாளியும், 3 ரூபாய் 25 காசு முதலாளியும் செலுத்த வேண்டும் என்று வகுக்கப்பட்டது. 10,000 ரூபாய் பெறுபவர் 75 ரூபாய் தருகிறார். 20,000 பெறுபவர் 150 ரூபாய் தருகிறார். இருவருக்கும் மருத்துவம் ஒன்றே. சக்திக்கேற்பக் கொடுத்துத் தேவைக்கேற்பப் பெறும் முறை இது. இ.எஸ்.ஐ.யின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலிய அடார்கர் அறிக்கை 1944-இல் அளிக்கப்பட்டபோது, வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். காப்பீட்டுத் தொழில் அரசின் உரிமையாகவே இருக்க வேண்டும் என்று 1947-இல் 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்' என்னும் ஆவணத்தில் அவர் எழுதினார்.

தமிழக அரசு 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதை ஸ்டார் ஹெல்த் என்னும் தனியார் நிறுவனம் நடத்தியது. 2012 ஜனவரியில் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழையிடம் பிரீமியம் கேளாமல் அரசே செலுத்தியது பெரும் நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பணம் மக்களின் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகிறான். அதில் எவ்வளவு சிகிச்சையாகத் திரும்பியது என்று கேட்பது நன்றி மறத்தல் ஆகாது. அது குடிமக்களின் உரிமை. பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கே இத்திட்டம் உதவும். அன்றாடக் காய்ச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அரசு மருத்துவமனையே கதி. காப்பீட்டைக் காட்டி அதனை மெலியவிடலாகாது.

இளைஞர்களே! ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஒப்பந்த வேலைக்குச் செல்வோர், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, உங்கள் பெயரில் எண் உண்டா என்று பாருங்கள். பிடித்தம் மட்டும் இருந்து எண் இல்லையேல், கூடிச் சென்று கேளுங்கள். வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவருக்கும் சித்தாளுக்கும் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை; அவர்களுக்கும் அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. படித்தவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் பத்து வீடுகளின் காப்பீட்டு அட்டைகளைப் படித்துச் சொல்லுங்கள். சங்கம் தந்த கல்விக்கு நாம் செலுத்தும் பிரீமியம் அதுவே.