முதுமையும் பற்களும்

பொக்கை வாய் என்றவுடன் பாட்டனாரின் முகமே நம் நினைவுக்கு வருகிறது. அறுபதைக் கடந்தால் பல் விழுதல் இயற்கை என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. மருத்துவம் இதனை ஏற்பதில்லை. பற்களை வீழ்த்துவது வயதன்று; ஈறு நோயும் சொத்தையுமே பெரும்பாலும் வீழ்த்துகின்றன.

கோலார் தங்க வயலில் வாழும் தமிழர்களாகிய நாம் இதனைச் சிறப்பாகச் சிந்தித்தல் வேண்டும். சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அங்கே ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பலர் இன்று முதுமையை எய்திவிட்டனர். உரிகத்திலும் மாரிகுப்பத்திலும் லைன் வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் முறுக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேரனிடம் கொடுத்துவிடுவது நாம் அறியாத காட்சியன்று.

கோலார் மாவட்டத்தில் பல இடங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அத்தகைய நீரைக் குழந்தைப் பருவத்தில், நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும்போது பருகியவர்களுக்கே பழுப்புக் கறை ஏற்படுகிறது. அது அழுக்கன்று, எனாமலின் உள்ளேயே அமைந்துவிட்ட நிறம். செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. எனாமல்தான் தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டாலும் பல் கூசும்.

தண்ணீரிலிருந்து கெடுதல் செய்த ஃபுளோரைடு பற்பசையிலும் இருக்கலாமா என்று சிலர் ஐயுறுகின்றனர். ஐயம் நியாயமானதே. எனினும் முழுவதும் உருவாகிவிட்ட பல்லில் அது புதிதாகக் கறை உண்டாக்குவதில்லை. மேற்புறத்தை வலுப்படுத்திச் சொத்தையைத் தடுக்கிறது. முதுமையில் ஈறு கீழிறங்கி, எனாமல் மூடாத வேர் வெளிப்படுவதால் இக்காப்பு அப்போது இன்னும் தேவை. காலையிலும் இரவிலும் மென்மையான தூரிகையால் துலக்கி, பசையை விழுங்காமல் உமிழ்ந்தால் போதும்.

ஈறு நோய் ஓசையின்றி வருவது. பல்லடியில் படியும் மாசு இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கிக் குருதி கசிகிறது. நாளடைவில் தாடையெலும்பு கரைந்து பல் ஆடுகிறது. நீரிழிவுள்ளோரிடம் இது விரைவாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்கு அடங்குவதில்லை. இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர்த்தும். அதற்காகச் சர்க்கரை மிட்டாயைச் சுவைப்பதைவிட அடிக்கடி தண்ணீர் அருந்துவது நன்று; மருந்தை மட்டும் தாமே நிறுத்திவிடலாகாது.

காரையை எடுத்தால் பல் ஆடும் என்றும், மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்றும் ஊரில் சொல்வார்கள். இரண்டும் பொய். முன்னமே ஆடிய பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். கண்ணுக்குச் செல்லும் பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பே இல்லை.

புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் வழக்கமுடையோர் வாயைத் தாமே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுதல் நலம். வெண்படலமோ செந்நிறத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ காணப்பட்டால், வலி இல்லையென்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கட்டுப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றித் துலக்கித் தண்ணீரில் இட்டு வைத்தல் வேண்டும். கொதிநீரில் இட்டால் அதன் வடிவம் கெட்டு, மறுநாள் வாயில் பொருந்தாது.