சான்று முதலில், வாக்கியம் பின்னர்

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்னும் ஏற்பாட்டோடு 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியாவும், 2003இல் தொடங்கி, யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் போன்றோரின் உழைப்பால் வேர்கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவும் நேயர்களுக்குப் புதியவை அல்ல. ஆயினும், விக்கிப்பீடியாவைப் படித்துவந்த ஒருவர் அதில் எழுதத் தொடங்கும்போது கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்குமுறை பற்றிய பேச்சு குறைவாகவும், எத்தனை கட்டுரைகள் சேர்ந்தன, போட்டியில் யார் முந்தினார் என்னும் எண்ணிக்கைப் பேச்சு மிகுதியாகவும் இருப்பது வருந்தத்தக்கது. எண்ணிக்கை மோகம் ஒரு கலைக்களஞ்சியத்தை வளர்த்ததில்லை. சான்றுள்ள ஒரு பத்தி, சான்றில்லாத பத்துக் கட்டுரைகளைவிட மதிப்புடையது. இந்த உரை முழுவதும் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

புதிய பயனர் முதலில் சந்திக்கும் உள்ளடக்க விதிகள் மூன்று. எழுதப்படும் ஒவ்வொரு செய்தியும் நம்பத்தகுந்த வெளியீடு ஒன்றில் முன்பே இடம்பெற்றிருக்க வேண்டும், படிப்பவர் அதைத் தேடிச் சரிபார்க்க இயல வேண்டும் என்பது முதல் விதி. இதனை மெய்யறிதன்மை என்பர். எழுதுபவர் தாமே கண்டறிந்த முடிவுகளையும், சான்றுகளைச் சேர்த்துத் தாமே வருவித்த கருத்துகளையும் அங்கே முதன்முதலாக வெளியிடக் கூடாது என்பது இரண்டாவது விதி. ஒரு பொருளைப் பற்றி அறிஞரிடையே உள்ள கருத்துகளை, அவை பெற்றுள்ள மதிப்புக்கு ஏற்ற அளவில், எந்தப் பக்கமும் சாயாமல் எடுத்துரைக்க வேண்டும் என்பது மூன்றாவது விதி. இதுவே நடுநிலை நோக்கு. இவை மூன்றாகச் சொல்லப்பட்டாலும், முதல் விதியை உண்மையாகக் கடைப்பிடிப்பவருக்கு மற்ற இரண்டும் எளிதில் கைவருகின்றன.

இந்த விதிகள் இத்தனை கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வெளிவந்தபோது, அதில் உள்ளவற்றுக்குப் பொறுப்பேற்க ஆசிரியர் குழு ஒன்று இருந்தது. விக்கிப்பீடியாவில் அத்தகைய முதன்மை ஆசிரியர் இல்லை. எழுதுபவர் பேராசிரியரா, பள்ளி மாணவரா என்பதைப் படிப்பவர் அறிய வழியும் இல்லை. எனவே அங்கே எழுதுபவரின் பெயருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அதிகாரம் முழுவதும் அடிக்குறிப்பில் உள்ள சான்றுக்கே உரியது. அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலர், கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு தொடர்புடையவராகக் கருதப்பட்டவர் என்ற பொய் 2005ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதப்பட்டு, சான்று எதுவும் இல்லாமலேயே ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்தது. அவர் அதைக் கண்டித்து எழுதிய பிறகு, கணக்கு இல்லாதவர்கள் அங்கே புதிய கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றிய செய்திகளில் சான்று கேட்பது எத்தனை இன்றியமையாதது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

புதியவர்களின் முயற்சி பெரும்பாலும் தடுமாறுவது வரிசை மாறுவதால்தான். தமக்குத் தெரிந்ததை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு அதற்குப் பொருத்தமான சான்றைத் தேடி ஒட்டவைக்க முயல்கின்றனர். கிடைக்காதபோது வாக்கியத்தின் அருகில் 'சான்று தேவை' என்ற குறிப்பு விழுவதைக் கண்டு மனம் வருந்துகின்றனர். தேர்ந்தவர்கள் செய்வது இதற்கு நேர்மாறானது. அவர்கள் நூலையோ ஆய்விதழையோ நாளிதழையோ முதலில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளதைத் தம் சொந்தச் சொற்களில் எழுதி, பக்க எண்ணைக் குறித்த பின்னரே அடுத்த வாக்கியத்துக்குச் செல்கின்றனர். சான்று முதலில், வாக்கியம் பின்னர் என்ற இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால், விதிப் பக்கங்கள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

சான்றுகளிலும் வகை உண்டு. நிகழ்வோடு நேரடித் தொடர்புடைய கல்வெட்டு, கடிதம், நாட்குறிப்பு, தன்வரலாறு போன்றவை முதல்நிலைச் சான்றுகள். அவற்றை ஆராய்ந்து பிறர் எழுதியவை இரண்டாம்நிலைச் சான்றுகள். தம் ஊர்க் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைத் தாமே படித்து, அதிலிருந்து கோயிலின் காலத்தைக் கணித்து எழுதும் ஆர்வலர், எத்தனை திறமையாகப் படித்திருந்தாலும், சொந்த ஆய்வையே அங்கே வெளியிடுகிறார். அதே கல்வெட்டின் பாடம் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் அச்சாகியிருந்து, வரலாற்று அறிஞர் ஒருவர் அதன் காலத்தை ஆராய்ந்து எழுதியிருந்தால், அந்த முடிவை அவர் பெயரோடு தாராளமாக எடுத்தாளலாம். தலபுராணமும் அவ்வாறே: கோயிலைப் பற்றிய மரபு என்ன சொல்கிறது என்பதற்கு அது சிறந்த சான்று, கோயில் கட்டப்பட்ட ஆண்டுக்கு அது சான்றாகாது.

இந்த விதி நோபல் பரிசாளரின் கண்டுபிடிப்பையோ புகழ்பெற்ற நாவலாசிரியரின் நினைவையோ பார்த்து வளைவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத், தம் 'தி ஹியூமன் ஸ்டெய்ன்' நாவலின் நாயகன் இலக்கியத் திறனாய்வாளர் அனடோல் பிராயர்டை மாதிரியாகக் கொண்டவன் என்ற பொருளில் விக்கிப்பீடியாக் கட்டுரையில் இருந்த செய்தியை நீக்கக் கோரியபோது, ஆசிரியரின் சொல் மட்டும் போதாது, இரண்டாம்நிலைச் சான்றுகள் வேண்டும் என்று பதில் வந்தது. அவர் 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் 'தி நியூயார்க்கர்' இதழ் வழியாகத் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டு, நாவலுக்கு வித்தானது தம் நண்பரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மெல்வின் டூமினுக்கு நேர்ந்த நிகழ்வே என்று விளக்கினார். வெளியான அம்மடல் பின்னர் கட்டுரைக்குச் சான்றாயிற்று. பலர் இதனை விதியின் மூடத்தனம் என்று எள்ளினர். அது தவறான மதிப்பீடு. நாவலாசிரியர் சொல்வது ஒன்று, திறனாய்வாளர்கள் முன்பே எழுதிவிட்டது மற்றொன்று என்னும்போது, இரண்டையும் அவரவர் பெயரில் பதிவு செய்வதே கலைக்களஞ்சியத்தின் கடமை.

இங்கேதான் இந்தக் கலையின் மிக உயர்ந்த நுட்பத்தை அடைகிறோம்: கருத்தை உரியவரிடம் சார்த்திச் சொல்லுதல். நடுநிலை என்பது எழுதுபவரின் மனநிலை என்றே புதியவர்கள் எண்ணுகின்றனர். தமக்கு விருப்பு வெறுப்பு இல்லாவிட்டால் எழுத்து நடுநிலையாகிவிடும் என நம்புகின்றனர். விருப்பு வெறுப்பு இல்லாத மனிதர் இல்லை; நடுநிலை வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. சிவாஜி கணேசன் இணையற்ற நடிகர் என்று எழுதினால், அது எழுதியவரின் அன்பைக் காட்டுமே தவிர நடிகரைப் பற்றி எதையும் தெரிவிக்காது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகர் விருது பெற்றார் என்று எழுதினால், புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லாமலே படிப்பவர் அவருடைய உயரத்தை உணர்ந்துகொள்கிறார்.

கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் இந்த நுட்பத்தின் ஆற்றல் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் காலம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தமிழ்ப் பற்றோடு வரும் புதியவர், அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டு நூல் என ஒரே வரியில் எழுதிவிடுகிறார். மற்றொருவர் வந்து, அது பிற்கால நூல் என மாற்றுகிறார். முதலாமவர் அதனை மீளமைக்கிறார். இருவரும் தத்தம் கருத்தை விக்கிப்பீடியாவின் குரலில் சொல்ல முயல்வதே சண்டைக்குக் காரணம். சார்த்திச் சொல்லத் தெரிந்தவர் இதனை வேறு வகையில் எழுதுவார்: காப்பியத்தில் குறிக்கப்படும் இலங்கை வேந்தன் கயவாகுவை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவோடு பொருத்தி, நூலில் வரும் சேரன் செங்குட்டுவனின் காலத்தை அந்நூற்றாண்டாக வி. கனகசபை போன்றோர் கொண்டனர் என்பது ஒரு வாக்கியம், எஸ். வையாபுரிப் பிள்ளை போன்றோர் இம்முடிவை ஏற்காமல், காப்பியம் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது எனக் கருதினர் என்பது மற்றொரு வாக்கியம். இரண்டுக்கும் நூலும் பக்கமும் அடியில் நிற்கும். இப்போது கட்டுரையில் எவரும் மறுக்கக்கூடிய கூற்று எதுவும் இல்லை. ஏனெனில், சிலப்பதிகாரத்தின் காலத்தில் ஐயம் இருந்தாலும், கனகசபையும் வையாபுரிப் பிள்ளையும் இன்னவாறு எழுதினர் என்பதில் ஐயம் இல்லை. கருத்து, சார்த்தப்பட்ட கணத்திலேயே சரிபார்க்கத்தக்க செய்தியாக மாறிவிடுகிறது. மேலும், படிப்பவருக்கு ஓர் ஆண்டு எண்ணுக்குப் பதிலாக அறிஞர்களின் வாதமே கிடைக்கிறது. சிலர் கூறுவர், பலர் நம்புகின்றனர் என்னும் பெயரற்ற தொடர்களுக்கு இந்தச் சிறப்பு இல்லை. அவை சார்த்துவது போலத் தோன்றினாலும் யாரிடமும் சார்த்துவதில்லை. எனவே மீண்டும் சொல்லத்தகும்: யார் சொன்னார், எங்கே சொன்னார், எந்த அடிப்படையில் சொன்னார் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருந்தால், நடுநிலை தானே வந்து சேரும்.

இவ்வாறு சார்த்துவதால் எல்லாக் கருத்துக்கும் சம இடம் தர வேண்டும் என்று பொருளாகாது. இலெமூரியா என்ற கண்டத்தை விலங்கியலாளர் பிலிப் ஸ்கிலேட்டர் 1864இல் ஒரு கருதுகோளாக முன்வைத்தார். கண்டத் தட்டுகளின் நகர்வு பற்றிய அறிவு நிலைபெற்ற பின் நிலவியலாளர் அதனைக் கைவிட்டனர். இக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும், கடல்கோள் பற்றிய தமிழ் உரை மரபைக் கட்டுரையில் விரிவாகவே எழுதலாம். ஆனால் நிலவியல் பற்றிய பகுதியில் அம்மரபையும் அறிவியல் முடிவையும் சரிக்குச் சரியாக நிறுத்துவது நடுநிலை ஆகாது. துறை அறிஞர்களிடம் எக்கருத்துக்கு எவ்வளவு ஏற்பு உள்ளதோ அவ்வளவு இடமே தகும்.

இனி, மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலக் கட்டுரையை, இப்போதெல்லாம் பெரும்பாலும் இயந்திரத்தின் துணையோடு, தமிழாக்கி, தாம் ஒருமுறைகூடத் திறந்து பாராத அடிக்குறிப்புகளையும் அப்படியே கொண்டுவந்து சேர்ப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. பிழை பரவும் வழி இதுவே. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சரான குட்டன்பெர்க்கின் நீண்ட பெயர்வரிசையில், பெயர் தெரியாத ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் வில்ஹெல்ம் என்ற பெயரை வேண்டுமென்றே நுழைத்தார். நாளிதழ்கள் அதனைப் பார்த்து அச்சிட்டன. பின்னர் அத்தகைய ஊடகச் செய்தியே விக்கிப்பீடியாவில் அப்பெயருக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. தாம் படித்ததை மட்டுமே சான்றாகக் காட்ட வேண்டும் என்ற நெறியை மொழிபெயர்ப்பிலும் கைவிடலாகாது.

தமிழில் இந்த விதிகளைப் பின்பற்றும்போது உண்மையான இடர் ஒன்று உண்டு. ஊர்த் தெய்வங்கள், கூத்துக் கலைஞர்கள், கைவினை மரபுகள் ஆகியவற்றைப் பற்றிய அறிவு பெரிதும் மக்கள் நினைவிலேயே உள்ளது, அச்சில் குறைவு. அதற்காக விதியைத் தளர்த்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தளர்த்தினால் மெய்யும் பொய்யும் ஒரே கதவு வழியாக நுழையும். முதியவரின் நினைவைக் கேட்டு, ஆய்விதழிலோ ஊர் வரலாற்று நூலிலோ முறையாக வெளியிட்டு, பின்னர் அதனைக் கலைக்களஞ்சியத்துக்குக் கொண்டுவருவதே சரியான வழி. ஏற்கெனவே அச்சில் இருந்தும் கண்ணில் படாதவையும் ஏராளம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளைத் திரட்டும் நூலகம் நிறுவனத்தின் தளம் ஆகியவற்றில் உள்ள பழைய இதழ்களும் மலர்களும் நூல்களும் தகுந்த எழுத்தாளரை எதிர்நோக்கி இருக்கின்றன.

எழுத விரும்பும் நேயர் முதல் நாளிலேயே புதிய கட்டுரை தொடங்க வேண்டியதில்லை. மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் சிறிது பழகி, தமக்கு நன்கு தெரிந்த ஊரையோ நூலையோ பற்றிய கட்டுரையில் சான்றற்று நிற்கும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்து, அதற்குரிய நூலை நூலகத்தில் தேடிப் படித்து, பக்க எண்ணோடு அடிக்குறிப்பு இடுக. எவரேனும் அதனை மீளமைத்தால் சினம் கொள்ளாமல் அக்கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்டு, தம் சான்றை எடுத்துரைக்க. ஐயம் எழுந்தால் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒத்தாசைப் பக்கத்திலும் ஆலமரத்தடியிலும் வழிகாட்டுவோர் உண்டு. சான்று முதலில், வாக்கியம் பின்னர் என்ற நெறியோடு எழுதும் ஒருவர் தமிழுக்குத் தருவது, எண்ணிக்கைக்காக நூறு கட்டுரைகள் எழுதுபவர் தருவதைவிடப் பெரிது.