வலி மாத்திரையும் நம் வீடும்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் ஆரணியில் காலையில் தறிக்குழியில் காலை இறக்கும் நெசவாளர் பொழுது சாயும்வரை குனிந்தே இருக்கிறார். இடுப்பும் தோளும் நோகாமல் என்ன செய்யும்? "எனக்குக் கேட்டது, நீயும் போட்டுப் பார்" என்று பக்கத்துத் தறிக்காரர் ஒரு மாத்திரை கொடுக்கிறார். அன்பினால்தான் கொடுக்கிறார். ஆனால் அது என்ன மாத்திரை?

பாராசிட்டமால் ஒரு வகை. டிரமடால், டேப்பன்டடால், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன் ஆகியவை வேறு வகை. அபினைப் போல மூளையில் வேலை செய்பவை. டிரமடாலை மத்திய அரசு 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. சில வாரங்கள் தொடர்ந்தால் உடல் பழகிவிடும். ஒன்று போதாது, இரண்டு கேட்கும். திடீரென்று நிறுத்தினாலோ கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் குடைச்சல். பழைய இடுப்புவலி திரும்பிவிட்டதென்று எண்ணி அவர் இன்னொன்றைப் போடுவார். உண்மையில் குடைவது மாத்திரைப் பழக்கமே. மதுவும் கூடச் சேர்ந்தால் உறக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.

புற்றுநோயாளிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதினால் அஞ்சி மறுக்காதீர்கள். சொன்ன அளவில் கொடுங்கள். கடையில் சீட்டு கேட்டால் கோபிக்கவும் வேண்டாம். டிரமடால், கோடீன் போன்றவை யாருக்கு, எந்த மருத்துவர் எழுதி, எத்தனை கொடுக்கப்பட்டன என்று தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் உள்ள விதி.

மானம் போகுமென்று மகனைப் பத்து நாள் அறையில் பூட்டிவைத்த வீடு ஒன்றை அறிவேன். வெளியே வந்ததும் பழைய அளவையே போட்டான். பத்து நாளில் உடல் அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருந்தது. அவன் பிழைத்தது இறைவன் அருள்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, இதை நோயென்று கருதிச் சிகிச்சை தர வழிகாட்டினார். நமக்கு அருகில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. நாக்கின் அடியில் வைக்கும் மருந்தும் உண்டு; அதை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பார்கள். 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

கூட்டம் முடிந்ததும் கோயில் வாசலில் அமர்ந்திருப்பேன். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவாருங்கள். எது எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன். பெயர் கேட்கமாட்டேன்.